அந்தப் படத்துக்கு நான் சொன்ன கதை

படம் ஜெர்மனியிலிருந்து வந்தது. என் கணவரின் தம்பி அங்கே ஒரு கடையில் பொருட்களை அடுக்கும் வேலை பார்த்தார். வருடத்துக்கு ஒரு தடவை பார்சல் அனுப்புவார். 2007இல் வந்த பார்சலில் சாக்லேட், இரண்டு ஸ்வெட்டர், வாசனைச் சவர்க்காரம் இவற்றோடு மூன்று டிவிடிகளும் இருந்தன. கடையில் விலைபோகாமல் கழித்துப் போட்டவை. இரண்டில் யாரோ கேக் செய்து காட்டினார்கள். மூன்றாவதின் அட்டையில் கறுப்பு அங்கி போட்ட நெட்டையான ஒருவன், கோணல்மாணலான ஒரு கதவுக்கு முன்னால் குனிந்து நின்றான்.

அப்போது நாங்கள் இரத்தினபுரி மாவட்டத்தில், ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் குவாட்டர்ஸில் இருந்தோம். என் கணவர் அங்கே டீமேக்கர், ஆலையில் தேயிலை தயாரிப்பு அவர் பொறுப்பு. நான் தோட்டப் பாடசாலையில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. மகளுக்கு எட்டு வயது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் காத்திருந்து பெற்ற ஒரே பிள்ளை. ஆகவே நான் எதற்கும் பயப்படுவேன். அவள் தும்மினால் பயம், தும்மாமல் தூங்கினாலும் பயம். என்னை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. நடந்ததை விளங்கிக்கொள்ள இது தேவை என்பதால் சொல்கிறேன்.

முதலில் படத்தை நான் தனியாகத்தான் பார்த்தேன். பாடசாலை விடுமுறை, அவர் ஆலையில், மகள் தூக்கத்தில். எங்கள் வீட்டுச் சைனா பிளேயர் எந்த நாட்டு டிஸ்க்கைப் போட்டாலும் ஓடும். ஊமைப்படம். எண்பது வருடத்துக்கு மேல் பழையது. பல நாடுகளில் கிடந்த துண்டுகளைத் தேடிச் சேர்த்து, கீறல்களைத் துடைத்து, மறுபடியும் முழுப் படமாக்கியிருந்தார்கள். அந்த வேலையைக் காட்டும் ஒரு சின்னப் பகுதியும் டிஸ்க்கில் இருந்தது. வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண் பிலிம் சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திரையின் இடது பாதியில் மழை பெய்வது போல் கீறல், வலது பாதியில் பளிங்கு போல் முகம். அது எனக்கு மிகவும் பிடித்தது. எவ்வளவு பொறுமை என்று நினைத்துக்கொண்டேன்.

கதை இதுதான். ஒரு மலை ஊர். வீடுகள் எல்லாம் சாய்ந்து நிற்கின்றன, ஜன்னல்கள் முக்கோணமாக இருக்கின்றன, நிழல்களைச் சுவரிலேயே தீந்தையால் வரைந்திருக்கிறார்கள். அந்த நெட்டை மனிதன் இறந்துபோனவன். தான் இறந்தது அவனுக்குத் தெரியாது. தன் வீடு எது என்றும் மறந்துவிட்டது. ஒவ்வொரு கதவாகத் தட்டி, ‘இது என் வீடா?’ என்று கேட்கிறான். கதவைத் திறந்தவர்கள் பயத்திலேயே விழுந்து சாகிறார்கள். யாராவது ஒருவர் ‘இல்லை, உன் வீடு அந்தப் பக்கம்’ என்று பதில் சொல்லியிருந்தால் அவன் போயிருப்பான். இந்த விவரமெல்லாம் இடையிடையே வந்த எழுத்துகளில் இருந்தது. எழுத்து ஜெர்மன், கீழே ஆங்கிலம். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். ஆகவே தெரியாமல் சொன்னேன் என்று நான் சொல்ல முடியாது.

இனி பஸ்ஸில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

படம் வருவதற்குச் சில வாரங்கள் முன்பு கொழும்பில் ஒரு உறவினர் கல்யாணத்துக்குப் போனோம். அந்தக் காலத்தில் எங்காவது குண்டு வெடித்தால் எங்கள் பக்கத்துப் பஸ்ஸிலும் காற்று மாறிவிடும். இந்த மாவட்டத்தில் தமிழர் நாங்கள் கொஞ்சப் பேர். பஸ்ஸில் எங்களைத் தவிர மற்ற எல்லோரும் சிங்களவர்களாக இருப்பது சாதாரணம். அவர்களில் அநேகர் நல்லவர்கள், தெரிந்தவர்கள், ‘டீச்சர்’ என்று இடம் விட்டு எழும்புகிறவர்கள். இருந்தாலும் நாங்கள் பஸ் ஏறுமுன் சில காரியங்களைச் செய்வோம். நான் பொட்டை அழித்துவிடுவேன். அவர் திருநீற்றைத் துடைத்துக்கொள்வார். பேச வேண்டுமானால் மெதுவாக, சிங்களத்தில். பிள்ளைகள் பேசவே கூடாது, அவர்களுக்குக் குரலை அடக்கத் தெரியாது. இது யாரும் கூட்டம் போட்டு முடிவெடுத்ததில்லை. எல்லாத் தமிழ் வீடுகளிலும் இப்படித்தான்.

அன்று பஸ் அவிசாவளையைத் தாண்டியதும் திடீரென்று பாட்டை நிறுத்தினார்கள். முன்னால் சோதனைச் சாவடி. அந்த அமைதியில் என் மகள் கணீரென்று கேட்டாள்.

“அம்மா, ஏன் பொட்ட அழிச்சிட்டீங்க?”

முன் இருக்கைகளில் நாலைந்து தலைகள் திரும்பின. நான் அவள் தொடையைக் கிள்ளினேன். “ஆ, வலிக்குது” என்று அதையும் தமிழில் சொன்னாள். ஒரு சிப்பாய் ஏறி, “ஒக்கோம பஹின்ன” என்றான். எல்லோரும் இறங்கினோம். மற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் திரும்பி ஏறினார்கள். என் கணவரை மட்டும் மரப்பலகைக் கொட்டகைக்குள் கூட்டிப்போனார்கள். பஸ் போய்விட்டது. நானும் பிள்ளையும் வெயிலில் நான்கு மணி நேரம் நின்றோம். அவர் வெளியே வந்தபோது சட்டையின் இரண்டு பொத்தான்கள் இல்லை. “ஒண்ணுமில்ல, வா” என்றார். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் இருக்கும்போது பிள்ளை வாய் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அவரை இறக்கியிருப்பார்கள். அது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது அவளுடைய குரல்தான் அவரை இறக்கியது என்று நினைத்தேன். அவர் கண்ணுக்குக் கண்ணாடி வாங்க மறுபடியும் கொழும்பு போக வேண்டியிருந்தது. இந்தப் பிள்ளையை எப்படி வாய் மூட வைப்பது என்பதே என் யோசனை.

ஒரு போயா, பௌர்ணமி விடுமுறை, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, நல்ல மழை. மகளையும் பக்கத்துக் குவாட்டர்ஸ் கிளாக்கர் வீட்டு அக்காவையும் உட்காரவைத்து அந்தப் படத்தைப் போட்டேன். அக்காவுக்குப் படம் ஆரம்பித்து இரண்டு நிமிடத்திலேயே சிரிப்பு.

“என்ன டீச்சர் இது, ஜெர்மன்காரனுக்கு ஒரு சொவர நேரா கட்டத் தெரியலையே. நம்ம மேசன் பாஸ அனுப்பி வைப்பமா?”

“பேசாம பாருங்கக்கா.”

“யாருமே பேச மாட்டேங்கிறாங்க, நானாவது பேசுறேன்.”

மகளும் சிரித்தாள். பிறகு, “ஏம்மா இவங்க பேச மாட்டேங்கிறாங்க?” என்று கேட்டாள்.

பழைய காலத்துப் படம், அப்போது குரலைப் பதிய வசதியில்லை என்று ஒரு ஆசிரியை சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு.

“பேசினா அந்த நெட்டையன் வந்துருவான். அவனுக்குக் கண்ணு தெரியாது. சத்தத்த வச்சுத்தான் ஆளப் புடிப்பான். அதான் ஊரே வாயப் பொத்திக்கிட்டு இருக்கு.”

படத்தில் எல்லோரும் வாயைத் திறந்து மூடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் சத்தம் இல்லாததால் நான் சொன்னது பொருந்திவிட்டது. எந்தக் காட்சி வந்தாலும் பொருந்தியது. ஒரு கிழவி கதவைத் திறந்து கையை உயர்த்தி அலறினாள். “பாத்தியா, கத்திட்டா” என்றேன். அவள் விழுந்தாள். மகள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். ஒரு கதை சொல்பவளுக்குக் கேட்பவர் நெருங்கி வருவதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல் எனக்கு. அதை முழுவதும் பாவித்தேன்.

படத்தின் நடுவில் ஓரிடத்தில் திரை கறுப்பாகி எழுத்து வந்தது. சில காட்சிகள் எங்கு தேடியும் கிடைக்கவில்லை, அவை தொலைந்துவிட்டன என்று அறிவிப்பு. அதற்குப் பதிலாக அசையாத மூன்று புகைப்படங்களை ஒன்றன் பின் ஒன்றாகக் காட்டினார்கள். ஒரு சிறுமி கட்டிலுக்கு அடியில். வெளியே நெட்டையன், வாயருகே கையைக் குவித்தபடி. மறுபடியும் சிறுமி, தலையைத் தூக்கி.

“இப்ப என்னம்மா பண்றான்?”

அந்த இடத்தில் என்ன நடந்தது என்று படத்தைத் தேடிச் சேர்த்தவர்களுக்கே தெரியாது. நான் சொன்னேன்.

“கூப்புடுறான். அவளோட அம்மா குரல்லயே கூப்புடுறான். ‘பாப்பா, பாப்பா, எங்க இருக்க’ன்னு. அம்மாதான்னு நெனச்சு ‘இந்தா இருக்கேன்’னு சொன்னா அவ்வளவுதான்.”

‘பாப்பா’ என்பதை நான் வீட்டில் கூப்பிடுகிற அதே இழுப்போடு சொன்னேன். கிளாக்கர் வீட்டு அக்காகூட, “ஐயோ டீச்சர், எனக்கே ஒடம்பு கூசுது” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த மாதம் கொழும்பு போய்வந்தோம். போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வேண்டும் என்பதைக்கூட என் கையைத் தொட்டு போத்தலைக் காட்டித்தான் கேட்டாள். சோதனைச் சாவடியில் இறங்கினோம், ஏறினோம், யாரையும் நிறுத்திவைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் சிரித்தார்.

“என்னா மருந்து குடுத்த இவளுக்கு?”

“அது எங்களுக்குள்ள ரகசியம்” என்றேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை. பகல் ஒரு மணியளவில் மகள் விளையாடப் போனாள். தோட்டத்தின் கீழ் எல்லையில், ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு வெரளி மரம். புளிப்புக் காய் கொட்டுகிற காலம். பிள்ளைகள் உப்பும் மிளகாய்த்தூளும் காகிதத்தில் மடித்துக்கொண்டு அங்கே போவார்கள். அன்று மற்றப் பிள்ளைகள் யாரும் வரவில்லை, இவள் தனியாகப் போயிருக்கிறாள். எனக்குத் தெரியாது. இரண்டு மணிக்குத் தேட ஆரம்பித்தேன். இரண்டரைக்கு ஆலைக்கு ஆள் அனுப்பினேன். மூன்று மணிக்குத் தொழிலாளர் லயத்து ஆட்கள், ஆலை ஆட்கள், கீழே கிராமத்துச் சிங்கள ஆட்கள் என்று முப்பது நாற்பது பேர் தேடினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது.

ஓடைக்கரையில் அவளுடைய மிளகாய்த்தூள் காகிதம் கிடந்தது. அதற்குப் பிறகு எல்லோரும் அந்தப் பகுதியிலேயே நடந்தார்கள். எங்கள் ஆட்கள் ‘பாப்பா’ என்று கூப்பிட்டார்கள், கிராமத்து ஆட்கள் மகளே என்று சிங்களத்தில் ‘துவே, துவே’ என்றார்கள். நான் கூப்பிட்டதை எப்படி எழுதுவது. தொண்டை கிழிய என்பார்கள், எனக்கு உண்மையாகவே மறுநாள் உமிழ்நீரில் இரத்தம் வந்தது. ஒரே இடத்தை நான் இரண்டு தடவை கடந்தேன். பன்னம் செடி இடுப்பளவு அடர்ந்த இடம். அங்கே நின்று கூப்பிட்டுவிட்டு, காது கொடுத்துக் கேட்டுவிட்டு, பதில் இல்லை என்று நகர்ந்தேன்.

எங்கள் பகுதியில் மாணிக்கக்கல் தேடிக் குழி தோண்டுவார்கள். அனுமதி எடுத்துத் தோண்டுகிறவர்கள் வேலை முடிந்ததும் மண் போட்டு மூடுவார்கள். களவாகத் தோண்டுகிறவர்கள் அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். ஒரு மழைக்காலம் போனால் மேலே பன்னம் மூடிவிடும். நாலே முக்காலுக்கு, கிராமத்து ஆள் ஒருவர் கூப்பிடாமல், யாரோடும் பேசாமல், நேராக அந்தப் பன்னத்துக்குள் நுழைந்து கையால் விலக்கினார். அது அவர் தோண்டிய குழி. அவர் குனிந்து பார்த்துவிட்டு அப்படியே மண்டியிட்டார்.

“நோனா, துவ மெத்தன இன்னவா” என்றார். பிள்ளை இங்கேதான் இருக்கிறாள் என்று.

நான் ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். இரண்டு ஆள் ஆழம். அடியில் கலங்கல் தண்ணீர் அவள் நெஞ்சுவரை. ஒரு கை முட்டுக்கொடுத்த பழைய மரத்தின் மேல் தொங்கிக் கிடந்தது. மற்றக் கையால் வாயைப் பொத்தியிருந்தாள். கண்கள் திறந்திருந்தன. அவள் என்னைப் பார்த்தாள். என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். அதன் பிறகுதான் கையை எடுத்தாள். கையில் அவளே கடித்த பல் தடம்.

அந்த மனிதர்தான் கயிறு கட்டி இறங்கித் தூக்கினார். மேலே வந்ததும் என் கணவரின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். தப்பு தன்னுடையது, பொலிஸில் சொல்லுங்கள் என்றார். என் கணவர் சொல்லவில்லை. “நீங்கதானே எடுத்தீங்க” என்று சிங்களத்தில் சொல்லித் தூக்கிவிட்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த ஆளுக்கு எல்லோர் முன்னாலும் விழுந்து அழ முடிந்தது. என்னால் முடியவில்லை.

இடது முழங்கைக்கு மேலே எலும்பு முறிவு. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். பயத்தில் பிள்ளைகளுக்குக் குரல் அடைத்துக்கொள்வது உண்டு, அதனால்தான் பதில் கொடுக்க முடியாமல் இருந்திருக்கிறாள் என்று வைத்தியர் சொன்னார். என் கணவர் அதை நம்பினார். லயத்தில், கிராமத்தில், என் பாடசாலையில், எல்லோரும் அப்படியே சொல்லிக்கொண்டார்கள். நானும் தலையாட்டினேன்.

ஐந்தாம் நாள் அவர் சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தபோது அவளிடம் கேட்டேன்.

“அம்மா கூப்பிட்டது கேக்கலையா பாப்பா?”

“கேட்டிச்சு.”

“அப்ப ஏன் பேசல?”

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். வகுப்பில் சொல்லிக்கொடுத்ததையே டீச்சர் மறந்துவிட்டாரே என்று பிள்ளைகள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

“நீங்கதான்னு எப்படித் தெரியும்? ரெண்டு தடவ வந்து கூப்புட்டான். உங்க கொரல் மாதிரியே இருந்திச்சு. நான் ஏமாறல.”

கடைசி இரண்டு வார்த்தையில் கொஞ்சம் பெருமை இருந்தது. நான் அதைப் பாராட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தாள்.

தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறியது என்று பிறகு அந்தக் கிராமத்து ஆள் சொல்லித் தெரிந்தது. மழை தூறலாக இல்லாமல் வலுத்திருந்தால் நான் அங்கே நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே முடிந்திருக்கும். என் குரல் கேட்கக் கேட்க அவள் வாயைப் பொத்திக்கொண்டு போயிருப்பாள். இதை நினைக்காமல் எனக்கு இன்னும் ஒரு நாளும் போனதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன்.

“பாப்பா, அந்தப் படத்துல அம்மா சொன்னதெல்லாம் சும்மா. அவன் யாரையும் அம்மா கொரல்ல கூப்புட மாட்டான். அது நான் இட்டுக்கட்டினது.”

“எது சும்மா? கூப்புடுறதா?”

“ஆமா.”

“பேசினா வந்து கூட்டிட்டுப் போவான்ங்கிறது?”

“அதுவும் சும்மாதான்.”

அவள் மாவுக்கட்டின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே யோசித்தாள்.

“அப்ப அப்பாவ ஏன் எறக்கிக் கூட்டிட்டுப் போனாங்க?”

அது வேறு, இது வேறு என்றேன். என்ன வேறு என்று கேட்டாள். பால் அடுப்பில் இருக்கிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

படத்தை மறுபடியும் போட்டு, ஆங்கில எழுத்தை வரி வரியாக வாசித்துக் காட்டி, இதோ பார், இதுதான் உண்மைக் கதை என்று சொல்லலாம் என்று ஒரு நாள் டிஸ்க்கை எடுத்தேன். அவள் அட்டையைப் பார்த்தவுடன் அறையை விட்டுப் போய்விட்டாள். பயந்து ஓடவில்லை, மெதுவாகத்தான் போனாள். அப்படியே கொண்டுபோய்க் குப்பைக் குழியில் போட்டேன். அவ்வளவு பேர் அவ்வளவு வருடம் உழைத்துச் சுத்தம் செய்த படம். அதில் தப்பு ஒன்றும் இருக்கவில்லை.

மாவுக்கட்டை வெட்ட இரத்தினபுரிக்குப் போன நாளில் இன்னொன்று நடந்தது. பஸ்ஸில் நான் அவளிடம் வேண்டுமென்றே, “பேசு பாப்பா, பயமில்ல” என்று காதோடு சொன்னேன். சொல்லும்போதே என் கண் முன் இருக்கைக்காரர்கள் மேல் இருந்தது. அவள் அதையும் கவனித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “அம்மே, மட்ட வத்துற தென்ன” என்று சத்தமாகவே தண்ணீர் கேட்டாள், சிங்களத்தில். உச்சரிப்பில் ஒரு பிசகும் இல்லை. கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகியது. முன் இருக்கையிலிருந்த சிங்களப் பெண்மணி திரும்பி அவள் கன்னத்தைத் தட்டி, கை எப்படி உடைந்தது என்று கேட்டார். இவள் குழியில் விழுந்த கதையைச் சிங்களத்திலேயே முழுவதும் சொன்னாள். எனக்கு அப்படியொரு நிம்மதி. அந்த நிம்மதி வந்ததற்காக வெட்கப்பட்டது இரவு படுக்கும்போதுதான்.

இப்போது அவளுக்குப் பத்து வயது. சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். பஸ்ஸில் பாட்டு ஓடுகிறது, நான் பொட்டோடு போகிறேன். பிள்ளை படிக்கிறாள், விளையாடுகிறாள், அப்பாவோடு வாயாடுகிறாள். பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது.

என் கணவருக்கு, அந்தப் படத்தில் வந்த மூன்று புகைப்படங்களைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. பயத்தில் குரல் அடைத்துக்கொண்டது என்றே இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார். சமீபத்தில் ஒரு நாள் எரிச்சலோடு கேட்டார்.

“இவளுக்குக் காது சரியில்லையா? எத்தன தடவ கூப்புடுறது? ஒரு ‘ஏன்’கூட சொல்ல மாட்டேங்கிறா. திடீர்னு பக்கத்துல வந்து நிக்கிறா.”

காது நன்றாக இருக்கிறது. யார் கூப்பிட்டாலும் அவள் குரல் கொடுப்பதில்லை. சத்தமில்லாமல் வருவாள், வாசல் நிலையோரம் நின்று முகத்தைப் பார்ப்பாள், பிறகுதான் “என்னம்மா” என்பாள். அது இட்டுக்கட்டியது என்று அவளுக்குத் தெரியும், நானே சொல்லிவிட்டேன். இருந்தாலும் பார்த்த பிறகுதான் பேசுகிறாள்.

ஆகவே நான் அவளைக் கூப்பிடுவதை விட்டுவிட்டேன். சாப்பாடு போட்டுவிட்டால் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, அவள் இருக்கிற அறைக்கு நடந்து போகிறேன். என் முகம் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டு, மெதுவாகத்தான் சொல்கிறேன், “சாப்பிட வா பாப்பா.”